செடி வளர்த்தால் மனம் ஆறுமா? சேலத்து மொட்டை மாடியிலிருந்து சில பதில்கள்

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு ஆண்டுகளாகக் காய்கறி வளர்க்கிறோம். நோய், இழப்பு, தூக்கமின்மை, வேலை போன வெறுமை என்று ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு இந்த மாடிக்கு ஏறி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். உரக் கணக்கும் பூச்சி மேலாண்மையும் எங்கும் கிடைக்கும். இங்கே பேசுவது பெரும்பாலும் மனத்தைப் பற்றி.

தோட்டம் போட்டால் மனத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தார்கள். மற்றவர்கள் உள்ளே அமர்ந்து படித்தார்கள். அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற சுரப்பு இரு பிரிவினருக்கும் குறைந்தது. ஆனால் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. அவர்களுடைய மனநிலையும் பழையபடி தெளிந்தது. படித்தவர்களுக்கு அப்படித் தெளியவில்லை.

அதற்கும் முன்பு, 1984-இல், அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் சிலருடைய அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, சிலருக்குச் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான், அதனால் இவற்றைக் காட்டி நான் யாரிடமும் அடித்துப் பேசுவதில்லை. ஆனால் வெறும் பார்வைக்கே இவ்வளவு என்றால், கையும் சேரும்போது இன்னும் கூடுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பூச்செடி வைத்தாலே போதாதா? காய்கறிதான் வேண்டுமா?

பூவும் நல்லதுதான். மல்லிகை ஒன்று எங்கள் மாடியிலும் நிற்கிறது. ஆனால் காய்கறிக்குக் கூடுதலாக ஒரு பலம் உண்டு. அது மாடியோடு நிற்பதில்லை. அடுப்படிக்கு இறங்கும், தட்டுக்கு வரும், மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கும் போகும். நோயாளிக்கும் முதியவருக்கும் நாம் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவர்கள் நமக்குக் கொடுப்பதற்கு ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. இனி எனக்கு என்ன வேலை என்று மூலையில் உட்கார்ந்துவிட்ட ஒருவருடைய கையிலிருந்து இன்றைய குழம்புக்கு நாலு காய் வந்தால், அந்த வீட்டில் அவருக்கு மறுபடியும் ஓர் இடம் உண்டாகிறது. நான் பார்த்த வரைக்கும் மனத்தை ஆற்றுவதில் பச்சை நிறத்துக்கு இருக்கும் பங்கைவிட இதற்கு இருக்கும் பங்கு பெரியது.

நீங்கள் இதை யாருக்காகத் தொடங்கினீர்கள்?

அப்பாவுக்காக. அவர் வெண்பட்டு வேட்டி நெய்தவர். பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தவர், அறுபத்தாறாவது வயதில் முழங்கால் வலியும் கண் மங்கலும் சேர்ந்துகொள்ள எழுந்துவிட்டார். எங்களுடையது குழித்தறி. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். தறியைப் பிரித்து விற்ற பிறகு குழியை மூடுவதற்காக ஒரு வண்டிச் செம்மண் இறக்கினோம். மூடியது போக ஏழெட்டு மூட்டை மண் மிஞ்சி வாசலில் கிடந்தது.

தறிச் சத்தம் நின்றுபோன வீடு எப்படி இருக்கும் என்பது நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். போட்டதைச் சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உரசிக்கொண்டே இருக்கும், அறுந்த இழையின் நுனியைத் தேடுவது போல.

வாழப்பாடிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அவரை விதையை அம்மா சாம்பலில் புரட்டி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். ஆடி மாதம் பிறந்தது. வாசலில் கிடந்த மண்ணை மாடிக்கு ஏற்றி, மூன்று பைகளில் நிரப்பி விதைத்தோம். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. கொடி ஒரு முழம் வளர்ந்து தரையில் சாய்ந்தபோது நான் நாலு குச்சியை ஊன்றி, ஏனோதானோ என்று கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மேலே போனால் நான் கட்டிய கயிறெல்லாம் அவிழ்ந்து கிடந்தது. முழங்கால் வலியோடு பதினெட்டுப் படி ஏறி வந்து, அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சணல் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்து, மேலே ஒரு கம்பிக்கும் கீழே ஒரு கம்பிக்குமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாணுக்கு ஒன்று. எல்லாப் புரியும் ஒரே இறுக்கம். தறிக்குப் பாவு நூல் நீட்டுவது போலவே இருந்தது. பிறகு கொடியின் நுனியைப் பிடித்துப் புரியில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். அவரை தானாகச் சுற்றி ஏறும் கொடி. அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமாகவே நாமும் விட வேண்டும், மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்துகொள்ளும். அவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பது நூலில் வாழ்ந்தவருக்குக் கை அறிந்த வேலை.

கார்த்திகைப் பனி இறங்கியதும் பூத்தது. முதல் பறிப்பில் ஏழு காய். ஏழு காயை வைத்து என்ன செய்ய முடியும்? அம்மா கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்தார். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். பல மாதங்களில் சாப்பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் மகிழ்ச்சி தரும் என்கிறார்களே?

மைக்கோபாக்டீரியம் வாக்கே என்பது அதன் பெயர். 2007-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, மூளையில், மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்த நரம்பணுக்கள் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். அது எலியில் கண்டது. மண்ணைத் தொட்டால் மனச்சோர்வு பறந்துவிடும் என்று அதை வைத்துப் பரப்புவது அவசரம்.

மண்ணின் வாசனையைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனைக்குக் காரணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். சித்திரையில் ஊரே அனலாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மாலை சேர்வராயன் மலைப் பக்கம் வானம் கறுக்கும். மழை இங்கே வந்து சேருவதற்கு முன்பே காற்றில் அந்த வாசனை வந்துவிடும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. வாசலில் வந்து நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார்கள். காய்ந்த பைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதில் ஒரு சிறு பங்கு தினமும் கிடைக்கிறது.

அக்கா, வீட்டில் ஒரு சாவு நடந்து மூன்று மாதம் ஆகிறது. எதிலும் கை ஓடவில்லை. எந்தச் செடியில் தொடங்கட்டும்?

வெந்தயத்தில் தொடங்குங்கள். கடைக்கு ஓட வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும். ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊறவையுங்கள். பழைய பிளாஸ்டிக் டப்பின் அடியில் நாலு துளை போட்டு, செம்மண், கழுவிய தேங்காய் நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். விதையைத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை. மூன்றாம் நாள், நாலாம் நாள் முளை தெரியும். மூன்று வாரம் கழித்துக் கிள்ளிக் கூட்டு வைக்கலாம்.

வெந்தயத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் காய் கண்ணுக்கே தெரியாது. நாளைய பொழுதே அவருக்குப் பெரிய தூரம். மூன்று நாளில் தலை நீட்டும் ஒன்றுதான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும். சமைக்கத் தோன்றாவிட்டாலும் ஒரு செம்பு தண்ணீரையாவது கொண்டுபோய் ஊற்றுங்கள். அந்த ஒரு நடை போதும். அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை என்றாலும் பரவாயில்லை.

வெந்தயம் பழகிய பிறகு அரைக்கீரை, சிறுகீரை. அதன் பிறகு வெண்டை. தக்காளிக்கு அவசரம் வேண்டாம். அது எளிதில் நோய் வாங்கும் செடி.

வளர்த்த செடி செத்துப்போனால் இன்னும் மனம் உடைந்துவிடாதா?

உடையும். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, எங்களிடம் வாங்கிப் போன தக்காளிச் செடி ஒரே வாரத்தில் வாடிவிட்டது என்று வந்து படியில் உட்கார்ந்து அழுதார். தக்காளிக்காக மட்டும் அழவில்லை என்பது இருவருக்கும் தெரியும். நாற்றை எடுத்துக் கொடுத்தது நான். ஒற்றைச் செடியை, அதுவும் இவ்வளவு நோய் வாங்கும் ஒன்றை, அவரிடம் கொடுத்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து, ஆழமான இழப்பில் இருப்பவர்களுக்கு ஒற்றைச் செடி கொடுப்பதில்லை. ஒரு தொட்டி கீரை கொடுக்கிறேன். கீரையில் நூறு முளைக்கும். நெருக்கமாக இருப்பதை நாமே பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் தேறாது. பத்து செத்தாலும் தொட்டி பச்சையாகவே இருக்கும். அந்த அம்மா இப்போது சிறுகீரை மட்டும் நான்கு தொட்டி வைத்திருக்கிறார். தக்காளி அவர் வீட்டில் இன்னும் இல்லை. நானும் சொல்வதில்லை.

எங்களுக்கும் நடந்தது. இரண்டாம் ஆண்டு கத்தரியில் மாவுப்பூச்சி ஏறி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துப் பார்த்தும் பயனில்லாமல், பன்னிரண்டு செடியையும் பிடுங்க வேண்டியதாயிற்று. அப்பா இரண்டு நாள் மாடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அவரைக்குத் தண்ணீர் விட்டார். அதற்குத் தாகம் எடுத்திருந்தது.

இரவில் தூக்கமே இல்லை. இதனால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு என்றே சொல்வேன், காரணமும் எளிமையானது. நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம். சேலத்து வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் மாடியில் நிற்க முடியாது. பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்கே தளம் சுடும். அதனால் செடி வைத்திருப்பவர் ஆறு மணிக்கு மேலே போயே ஆக வேண்டும். இரவு எப்படிக் கழிந்தாலும் அந்த நேரத்தில் கண்ணில் வெளிச்சம் படுகிறது, உடம்பு குனிந்து நிமிர்கிறது. சில வாரங்கள் தொடர்ந்தால் இரவில் கண் சொருகும். கோடையில் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள், செடிக்கும் உங்களுக்கும் சேர்த்து.

வாடகை வீடு. மாடியில் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

ஜன்னல் திட்டில் புதினாவும் கொத்தமல்லியும் வளரும். வீட்டுக்காரருடைய பயம் பெரும்பாலும் தண்ணீர்க் கசிவைப் பற்றியது. பைகளைத் தரையில் வைக்காமல் இரும்புத் தாங்கியில், சுவரோரமாக, அடியில் தட்டு வைத்துக் காட்டினால் பலர் இறங்கி வருகிறார்கள். முதல் கீரையை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். மழை மாதங்களில் நாள் முழுக்க மூடுபனி. வெளியே போகவே தோன்றுவதில்லை.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது நாகலூரில் என்பதால் இந்தச் சோர்வை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு உலகம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஆடியில் எதிர் வீடு தெரியாத பனி. வெளிச்சம் குறைந்தால் மனமும் மங்கும். அது உங்கள் குறை அல்ல.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து மலையில் நிறைய நிலம் காப்பிக்கும் மிளகுக்கும் போய்விட்டது. சுற்றிலும் அவ்வளவு பசுமை இருந்தும், தோட்டத்து வீடுகளில் பலர் கீழிருந்து லாரியில் ஏறி வரும் காயைத்தான் வாங்குகிறார்கள். அந்த மலையின் பழங்குடியான மலையாளி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் தாங்களே விதைத்து உண்டவர்கள். இன்று பலரிடம் அந்தப் பழக்கம் போய்விட்டது.

என் யோசனை இது. பெரிய தோட்டம் வேண்டாம். அடுப்படிக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் எட்டும் தூரத்தில் ஒரு சவ்சவ் கொடி, ஒரு பாத்தி பீன்ஸ். சவ்சவ்வுக்கு விதை தேட வேண்டியதில்லை. முற்றிய காயை மூலையில் போட்டால் அதுவே முளை விடும், அப்படியே நட்டுவிடலாம். பந்தல் ஏறிவிட்டால் அள்ளிக் கொடுக்கும் கொடி. பனி விலகும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பறித்து வந்துவிடலாம். அக்கா தன் பந்தலுக்குக் கீழே ஒரு கல் பலகை போட்டிருக்கிறார். மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அங்கேதான் உட்காருகிறார்கள். அவருக்குக் கொடியைவிட அந்தப் பலகைதான் மருந்து என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: விடியும் முன்னும் இருட்டிய பின்னும் தனியாகத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். காட்டெருமை நடமாட்டம் உங்களுக்கே தெரியும்.

மறதி நோய் உள்ள மாமியாரை ஈடுபடுத்தலாமா? சர்க்கரை நோயும் இருக்கிறது.

தாராளமாக. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டாம். கை முன்பே அறிந்த வேலையைக் கொடுங்கள். மொச்சை உரிப்பது, கீரை ஆய்வது, கறிவேப்பிலை உருவுவது. பேர் மறந்துபோனவர்களுக்கும் கீரை ஆயும் விரல் மறப்பதில்லை. ஆய்ந்தது கொஞ்சம் கலந்து இருந்தால் அவர் கண் முன்னே திருத்தாதீர்கள்.

சர்க்கரை நோய் இருப்பதால் வெறுங்காலோடு மண்ணில் விடாதீர்கள். காலில் முள் குத்தியது அவருக்குத் தெரியாமல் போகலாம். கையுறை போடட்டும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரளி, ஊமத்தை போன்றவை அவர் கை எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம்.

தோட்டம் போட்ட பிறகு மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். தோட்டம் மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் செடியிடம் போகாதீர்கள், மனிதரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

காசு மிச்சமாகுமா?

முதல் ஆண்டு ஆகாது. பைக்கும் உரத்துக்கும் செலவழித்த பணத்தில் உழவர் சந்தையில் மூட்டை மூட்டையாக வாங்கலாம். கணக்குப் பார்த்துத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு?

புடலங்கொடி வையுங்கள். பிஞ்சு வளைந்து போகாமல் இருக்க நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம் அல்லவா, அந்தக் கல்லைத் தேடி எடுத்துக் கட்டும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தினமும் எத்தனை விரல் நீண்டது என்று அளப்பார்கள். புடலங்காய் என்றால் ஓடிய என் தம்பி மகன், தான் கல் கட்டிய காயை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

எழுபத்தேழு வயது. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகிவிட்டது, இன்னொரு கண் சரியாகத் தெரிவதில்லை. முழங்கால் வலி கூடியிருக்கிறது; படியில் நான்கு இடத்தில் நின்று நின்று ஏறுகிறார். தறியை நினைத்து வருந்தும் நாட்கள் இன்றும் உண்டு. தெருவில் எங்கோ ஒரு தறி ஓடினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவரைக்காய் முற்றிவிட்டதா என்று இப்போது பார்த்துச் சொல்வதில்லை. காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுகிறார். விதை திரண்டிருந்தால் கொடியிலேயே விட்டுவிடச் சொல்கிறார். அது அடுத்த ஆடிக்கு.

அந்த விதை கிடைக்குமா?

கிடைக்கும். மாசியில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து, அம்மா சாம்பலில் புரட்டி வைத்துவிடுவார். ஆடி பிறந்த பிறகு மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், அப்பா மாடியில் இருப்பார். ஆளுக்குப் பத்து விதை. காகிதத்தில் மடித்தால் சாம்பல் கொட்டிவிடும், மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டு வாருங்கள்.